கையெழுத்துப் போடாத கர்ணன்

— பொய்யா இருந்தா நான் ஏண்ணே இந்த மொட்ட வெயில்ல சைக்கிள மிதிச்சுக்கிட்டு வர்றேன்? அச்சுக் கோக்குற ஏசுதாசன் நம்ம ஆளு. அவன் வாயாலயே சொன்னான். போடியில நோட்டீசு அடிச்சுக் கட்டுக்கட்டா அடுக்கி வச்சிருக்காக.

— நோட்டீசுல என்ன இருக்குங்கற, சுருளி?

— ஒங்க கடுதாசியண்ணே. படம் புடிச்சு பிளாக்கு எடுத்து அப்பிடியே போட்டிருக்காகளாம். அடியில ஒங்க கையெழுத்து.

— எந்தக் கடுதாசி?

— மன்னிப்புக் கடுதாசி. 'இனிமே அரசியலே வேணாம், என்னைய வெளிய விடுங்க'ன்னு போன வருசம் எமர்ஜென்சியில மிசாச் சட்டத்துல உள்ள இருந்தப்ப நீங்க எழுதிக் குடுத்ததாம். நாளைக்கு விடியறதுக்குள்ள கூடலூர்ல இருந்து தேனி வரைக்கும் செவரு செவரா ஒட்டப் போறானாம் வைகுண்டராஜ்.

— அந்த ஏலக்கா யாவாரிக்கு என்னைய எதுத்து நின்னு ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. பொய்யி அடிக்கிறான்.

— அண்ணே, ஒண்ணு கேக்குறேன். வையக் கூடாது.

— கேளு.

— போட்டீகளா?

— என்னலே கேட்ட? யாரப் பாத்து கேக்குற? நான் கேக்குறேன், இந்தக் கர்ணன் எத்தனை எலெக்சன் நின்னவன்?

— மூணுண்ணே.

— மூணுலயும் என்ன ஆச்சு?

— தோத்தோம்.

— தோத்தோம். எழுவத்தொண்ணுல நானூத்திச் சொச்சம் ஓட்டுல தோத்தோம். ஒரு நாளாவது நம்ம கட்சிக் கொடியக் கீழ வச்சிருக்கேனா? இந்தி மொழியத் திணிக்காதன்னு கத்துனதுக்குப் போலீசு அடிச்ச அடியில ரெண்டு பல்லு போச்சு. வருசநாட்டுல பாரஸ்டு ஆபீசுக்காரன் சனங்க குடிசையப் பிரிச்சப்ப யாரு போயி குறுக்க படுத்தது? ஆளுங்கட்சியில சேரு, சேருன்னு எத்தனை பேரு வந்து கெஞ்சினாக? போயிருந்தா இன்னிக்குக் காருல போவேன்.

— அதெல்லாம் வாஸ்தவந்தாண்ணே. ஆனா அதுக்கெல்லாம் ஊரு ஓட்டுப் போடலயே. இந்தத் தடவை போடப்போகுதுன்னா அது ஒரே ஒரு காரியத்துக்காக. 'மக சாகக் கெடந்தப்பவும் கையெழுத்துப் போடாத கர்ணன்.' நீங்க மேடையில அந்த எடத்துக்கு வர்றப்ப பொம்பளைக முந்தானையால மூஞ்சியப் பொத்துறாக பாருங்க, அந்த அழுகைதாண்ணே நமக்கு ஓட்டு. அதுல ஒரு ஓட்டை விழுந்துச்சு, நம்ம சோலி முடிஞ்சுது. எலெக்சனுக்கு நாலே நாளு.

— அந்த நோட்டீசு ஒண்ணு கைக்குக் கெடைக்குமா?

— கேட்டிருக்கேன். சாயந்தரத்துக்குள்ள எப்பிடியாச்சும் குடுத்து விடுறேன்னான்.

— வந்ததும் நேரா எங்கிட்ட குடு. வேற ஒருத்தன் கண்ணுல படக்கூடாது.

— மோரு கொண்டாந்தேன். குடிங்க தம்பி.

— வச்சுட்டுப் போ ராக்கு. முக்கியமாப் பேசிக்கிட்டு இருக்கோம்.

— நீங்க பேசுனதக் கேட்டேன். அந்தக் கடுதாசி நான் போட்டது.

— மதினி, என்ன சொல்றீக?

— இவுக பேருல நான்தான் எழுதுனேன் தம்பி. கையெழுத்தும் நான்தான் போட்டேன். இவுகளுக்குத் தெரியாது.

— அண்ணே... கேட்டீகளா?

— நீயா போட்ட?

— ஆமா.

— எப்ப?

— போன ஆடியில. லதாவுக்குக் காமாலை முத்தி, கண்ணு ரெண்டும் எலுமிச்சம்பழமா கெடந்துச்சு. அப்பாவக் கூட்டிட்டு வா, அப்பாவக் கூட்டிட்டு வான்னு ஒரே பொலம்பல். ஒங்களப் பாக்க ஜெயிலுக்கு வந்தேன். ஒரு கையெழுத்துப் போட்டா அன்னிக்கே விட்டுருவாகளாமேன்னு கேட்டேன். கம்பிக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டு நீங்க என்ன சொன்னீக?

— அது எதுக்கு இப்ப?

— 'எனக்கு ஒரு புள்ளை இல்ல, இந்தப் பள்ளத்தாக்குல இருக்குற அத்தனையும் எம் புள்ளைதான்'னீக. பக்கத்துல ஒங்க கட்சிக்காரவுக நாலு பேரு நின்னாக. கையத் தட்டுனாக. நான் வெளிய வந்து ஜெயில் வாசல்ல மனு எழுதுறவருகிட்ட ஒரு தாளு வாங்குனேன். ஒங்க கையெழுத்து எனக்குப் போட வரும். நீங்க மீட்டிங்கு மீட்டிங்குன்னு போயிட்டா அவ பள்ளிக்கூட ரிப்போர்ட்டுல நான்தான போடுவேன். ரெண்டு வரி எழுதிக் கையெழுத்தப் போட்டு, சன்னலுக்கு அங்கிட்டு இருந்த கிளார்க்குகிட்ட நீட்டுனேன். வச்சுட்டுப் போம்மான்னாரு.

— ரெண்டு வரியா?

— ரெண்டே வரி. 'மன்னிச்சிருங்க, எம் மகளுக்குச் சொகமில்ல, விட்டுருங்க.'

— ரெண்டு வரியோ இருவது வரியோ, இப்ப அதுவாண்ணே முக்கியம்? அட மதினி! புள்ளை செத்த பெறகு சர்க்காரு வெக்கப்பட்டுக் கதவத் தொறந்து விட்டுச்சுன்னு நாங்க ஊரு ஊராப் பேசிக்கிட்டுத் திரியுறோம். நீங்க இப்பிடிப் பண்ணி வச்சிருக்கீகளே!

— அவ செத்துப் பதினோராம் நாளு இவுக வந்தாக. அப்பத்தான் என் கடுதாசிய எடுத்துப் பாத்திருக்காகன்னு நெனச்சுக்கிட்டேன்.

— பத்து மாசம் வாயில என்ன வச்சிருந்த?

— கேக்கலயே நீங்க. வந்த அன்னிக்கு, அவள எங்க பொதைச்சிருக்குன்னு கேட்டீக. அப்புறம் கட்சியில யாரு யாரு உள்ள இருக்காக, யாரு வெளிய இருக்காகன்னு கேட்டீக.

— எட்டாப்பு படிச்ச திமிரு. எழுதத் தெரியும்னு ஒனக்குத் திமிரு! அஞ்சு மாசம் களி தின்னு, மூட்டைப்பூச்சிக் கடியில கெடந்து நான் சம்பாதிச்ச பேரடி அது. இருவது வருசத் தோல்விக்கு ஒரே ஒரு கூலி. அத ஒரு தாளுல தொடச்சுப் போட்டுட்டயே.

— புள்ளைக்காகப் போட்டேன்.

— புள்ளைக்காக! அந்தப் புள்ளையக் கொன்னதே நீதான். கீழாநெல்லிய அரைச்சு ஊத்திக்கிட்டுக் கெடந்தயே, அன்னிக்கே மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா இன்னிக்கு அவ பள்ளிக்கூடம் போயிருப்பா.

— தூக்கிட்டுப் போகத்தான் ஆளு கேட்டேன். போலீசு பாக்கும்னு கட்சிக்காரவுக ஒருத்தரும் வாசப்படி மிதிக்கல. சுருளித் தம்பியோட வீட்டுக் கதவையும் தட்டுனேன்.

— அப்ப நெலமை அப்பிடி மதினி. நான் ஊர்லயே இல்ல.

— உள்ள இருமுனீக. எனக்குக் கேட்டுச்சு.

— சரி, சரி, செத்தவளை எழுப்பவா முடியும்? நடக்க வேண்டியதப் பாப்போம். அண்ணே, நான் ஒண்ணு சொல்லவா? யோசிச்சுப் பாத்தா இது நமக்கு நல்லது.

— எது நல்லது?

— மதினி போட்டது. நீங்க போடல, அதுதான நெசம்? நாளைக்கு அவன் ஒட்டுறதுக்கு முந்தி இன்னிக்கு நாமளே சொல்லிருவோம். அஞ்சு மணிக்குக் கூடலூர் சந்தைத் திடல்ல கூட்டம் இருக்கு. மதினி மேடையேறி, கள்ளக் கையெழுத்துப் போட்டது நான்தான்னு ஒத்துக்கிடட்டும். வைகுண்டராஜ் நோட்டீசு ஒட்ட வாங்குன பசை வீணாப் போகும். என்ன மதினி, ஏறுவீகளா?

— செஞ்சதச் சொல்றதுக்கு என்ன? ஏறுறேன்.

— ஆனா அண்ணே, வெறுமனே ஒத்துக்கிட்டா வெளங்குமா? புருசனும் பொண்டாட்டியும் கூடிப் பேசி நாடகம் போடுறாகன்னுதான் சொல்லுவாக. ஊரு நம்பணும்னா நீங்க இவுகளத் தண்டிச்சிருக்கணும்.

— என்ன தண்டனை?

— தள்ளி வச்சிரணும். 'கட்சிக்குத் துரோகம் பண்ணுன பொண்டாட்டி எனக்குத் தேவையில்ல'ன்னு நீங்க மேடையிலயே சொல்லணும். மகளையும் குடுத்தாரு, பொண்டாட்டியையும் விட்டாருன்னு சனம் கதறும்ணே.

— வேணாம்லே. அது பாவம்.

— சரிண்ணே. வேணாம்னா விட்டுருவோம்.

— ...எத்தனை ஓட்டுத் திரும்பும்ங்கற?

— பொம்பளை ஓட்டு அம்புட்டும் நமக்குத்தான். ரெண்டாயிரத்துக்குக் குறையாது.

— எலெக்சன் முடியற வரைக்குந்தான், ராக்கு. அப்புறம் பாத்துக்கிடலாம்.

— நீங்க ஜெயிச்சுட்டா, தள்ளி வச்சவள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பக் கூப்புடுவீக?

— பேச்சப் பாரு இவளுக்கு. வருசநாட்டுல ஒங்க அண்ணன் வீடு இல்லயா? அங்கன போயி இரு.

— அண்ணன் செத்து மூணு வருசமாச்சு. துட்டி கேக்கக்கூட நீங்க வரல. மாநாடுன்னு சொன்னீக.

— அவன் பொண்டாட்டி இருக்காள்ல?

— மொக்கம்மா இருக்கா. அவளே கூலிக்குக் களை எடுத்துத்தான் கஞ்சி குடிக்கிறா.

— கூட ஒரு ஆளு களை எடுத்தா ஆச்சு. அதச் சொன்னாக்கூட மேடைக்கு நல்லாருக்கும். சுருளி, எழுதிக்க. இந்தா பாரு ராக்கு, நான் சொல்றபடி சொல்லணும். 'தாய்மார்களே, நான் ஒரு பாவி'ன்னு ஆரம்பி.

— தாய்மார்களே, நான் ஒரு பாவி.

— 'தங்கமான மனுசனுக்குத் தெரியாம அவர் பேருக்குக் களங்கம் உண்டாக்கிட்டேன்.'

— தங்கமான மனுசனுக்குத் தெரியாம...

— சத்தமா. கடைசி வரிசைக்குக் கேக்கணும். சாமி கும்புடுற மாதிரி முணுமுணுக்காத.

— அண்ணே, தாலியக் கழட்டி ஒங்க காலடியில வச்சா எப்பிடி இருக்கும்?

— அது அதிகம்லே. அபசகுனம். நாலு நாளுல ஓட்டு. கழட்ட வேணாம்... கையில புடிச்சுக்கிட்டு நிக்கட்டும். பாக்குறவுக கழட்டப் போறாளோன்னு பதறணும். அம்புட்டுப் போதும். எங்க, புடி பாப்போம்.

— இப்பிடியா?

— கொஞ்சம் மேல தூக்கு. ம். லதா பேரு வர்ற எடத்துல அழுகணும்.

— அழுகை வரல. நேத்துத்தான் அழுதேன்.

— நேத்து எதுக்கு?

— நேத்து அவ பொறந்த நாளு.

— அதச் சொல்லிக்க. பத்து வயசு முடிஞ்சிருக்கும்னு சொல்லு. சுருளி, அதையும் எழுது.

*

— பாத்து எறங்குங்க மதினி, ஜீப்புல கொடிக்கம்பு நீட்டிக்கிட்டு இருக்கு. மேடைக்குப் பின்னாடி, தட்டி மறைப்புக்கு இங்கிட்டு பெஞ்சு கெடக்கு, ஒக்காருங்க. கூட்டத்தப் பாத்தீகளாண்ணே? எலெக்சன் ஆரம்பிச்சதுல இருந்து இம்புட்டுக் கூட்டம் பாக்கல. மதினி பேசப் போகுதுன்னு மத்தியானமே ஜீப்பு விட்டு மைக்குல சொல்ல வச்சுட்டேன்.

— மேற்க குமுளி மலையில இருட்டிக்கிட்டு வருது சுருளி. சாரல் எறங்குறதுக்குள்ள ஆரம்பி. ஏசுதாசன்கிட்ட இருந்து ஆளு வந்துச்சா?

— வந்துருச்சுண்ணே. நோட்டீச மதினி கையில குடுத்திருக்கேன்.

— அவ கையில ஏன்லே குடுத்த? எங்கிட்ட குடுன்னு சொன்னேன்ல!

— நீங்க அங்கிட்டு மாலை வாங்கிக்கிட்டு இருந்தீக. எழுத்து பொடிசு பொடிசா இருக்கு, கண்ணாடிய வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். மதினி எழுதுனதுதான, மதினியே பாக்கட்டும்னு குடுத்தேன். இருங்க, நான் போயி வரவேற்ப முடிச்சுட்டுக் கூப்புடுறேன்.

— ராக்கு, அதக் குடு.

— இது ரெண்டு வரி இல்லயே.

— குடுங்கறேன்.

— பக்கம் முழுக்க இருக்கு. இது என் எழுத்து இல்ல.

— அவன் மாத்தி அடிச்சிருப்பான். கள்ளப் பய.

— 'என் மகள் சொர்ணலதாவுக்கு ஒன்பது வயது ஆகிறது. அவளுக்கு உடல்நிலை மிகவும் மோசமாக உள்ளது. சிறு பிராயம் முதல் என் காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். ஒரே ஒரு இரவு அவள் பக்கத்தில் படுத்திருக்க என்னை அனுமதித்தால் போதும். இனி எந்தக் கட்சியிலும் இருக்க மாட்டேன். எந்த மேடையிலும் ஏற மாட்டேன்.' இதயா வைகுண்டராஜ் மாத்தி எழுதுனான்? காதைப் புடிச்சுக்கிட்டுத் தூங்குறது அவனுக்கு எப்பிடித் தெரியும்?

— மெதுவாப் பேசு. தட்டிக்கு அங்கிட்டு ஆளு நிக்கிது.

— தேதி போட்டிருக்கு. நான் ஒங்களப் பாத்துட்டு வந்த மறுநாளு. அவ சாகுறதுக்கு நாலு நாளைக்கு முந்தி. நீங்க போட்டீகளா?

— தேதிய விடு. அதக் குடு.

— நீங்களே போட்டீகளா?

— நீ போன பெறகு அன்னிக்கு என்னால கஞ்சி குடிக்க முடியல. யாரும் பாக்காதப்ப ஒரு தாளு வாங்கி எழுதுனேன். எழுதி, நானே கொண்டு போயிக் குடுத்தேன். காலையில விட்டுருவாகன்னு நெனச்சேன். உத்தரவு வர பதினஞ்சு நாளு ஆச்சு. அதுக்குள்ள தந்தி வந்துருச்சு.

— எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— எப்பிடிச் சொல்ல? என்னைய வெளிய விடுறாகன்னு கேட்டதும் உள்ள இருந்த நாப்பது பேரும் எந்திரிச்சு நின்னாக. 'மகளைப் பறிகுடுத்தும் கையெழுத்துப் போடாம போறான் பாரு கர்ணன்'னு கையத் தட்டுனாக. அம்புட்டுப் பேரு தட்டுறப்ப, இல்லப்பா, போட்டுட்டேன்னு எவன்டி சொல்லுவான்? இருவது வருசத்துல எனக்காக யாருமே எந்திரிச்சு நின்னதில்ல.

— பத்து மாசமா ஒங்களுக்குச் சோறு போடுறப்ப எல்லாம் மனசுக்குள்ள வாய்க்கரிசின்னு நெனச்சுத்தான் போட்டேன். பெத்த மகளுக்கு வராத கல்லுன்னு நெனச்சேன். ஒரு வார்த்தை, இந்தா இப்பிடிப் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒங்க காலப் புடிச்சுக்கிட்டுக் கெடந்திருப்பேன்.

— சரி, இப்பத்தான் தெரிஞ்சிருச்சுல்ல. மனசு ஆறிக்க.

— மத்தியானம், 'நீயா போட்ட'ன்னு கேட்டீகளே.

— நீயா வந்து தலையக் குடுத்த. நானா கூப்புட்டேன்? கேளு ராக்கு. ஒன்னோட ரெண்டு வரிய அந்தக் கிளார்க்கு கிழிச்சுப் போட்டிருப்பான். அது ஒருத்தருக்கும் தெரியாது. நீ ஒத்துக்கிட்டா இதுதான் அதுன்னு ஊரு நம்பிரும். பக்கம் முழுக்க எழுதுனேன்னு சொல்லிரு. மத்ததெல்லாம் பேசுனபடி.

— புள்ளையக் கொன்னது நான்தான்னு சொன்னீகளே.

— அது ஒரு கோவத்துல சொன்னது.

— அதையும் மேடையில சொல்லணுமா?

— ...சொன்னா தப்பில்ல. ஒரு தாயி அப்பிடிச் சொன்னா சனம் தாங்காது.

— ஒங்களுக்கு அவ மூஞ்சி ஞாபகம் இருக்கா?

— என்ன கேள்வி இது? அந்தா, சுருளி கூப்புடுறான். நோட்டீச இங்கன குடுத்துட்டுப் போ.

— இருக்கட்டும். கையில வச்சுக்கிட்டுச் சொன்னாத்தான் ஊரு நம்பும்.

— அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! நமது வேட்பாளர், சிறைக் கதவு கண்டும் கலங்காத செம்மல், அண்ணன் கர்ணன் அவர்களின் இல்லத்தரசி ராக்கம்மாள் இப்பொழுது உங்கள் முன்னால் சில உண்மைகளைச் சொல்லுவார்! வாங்க மதினி. இந்தா, இதுல வாய வச்சுப் பேசுங்க.

— எல்லாருக்கும் கும்புடுறேன். எனக்கு மேடையில பேசத் தெரியாது. நாளைக்கு ஒங்க செவுத்துல ஒரு நோட்டீசு ஒட்டுவாக. அத நானே இப்ப வாசிச்சுக் காட்டுறேன்.

— சுருளி! ஏலே சுருளி, இங்கன வா. அவகிட்ட இருந்து மைக்கப் பிடுங்கு!

— கூட்டம் பாக்குதுண்ணே. எப்பிடிப் பிடுங்க?

— மைக் செட்டுக்காரன் எங்க? செல்லப்பாண்டி, வயரப் பிடுங்கு! பிடுங்குடா!

— இவுக கல்லு இல்ல தாயிகளா, இவுகளும் ஒரு தகப்பன்தான். எம் மக உசுரோட இருந்தப்பவே, அவளுக்காக, இந்தக் கையெழுத்த இவுகதான் போட்டாக.